இன்னும் இறங்கலை

முனியராஜின் அழைப்பு வந்தபோது வேல்விழிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. விமானத்திலிருந்து இறங்கி இத்தனை நேரம் கழித்துத்தான் இந்த மனுஷனுக்குப் பெண்டாட்டி ஞாபகம் வந்ததாக்கும் என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள்.

"ஏ புள்ள, இன்னும் இறங்கலை" என்றான். குரலுக்குப் பின்னால் ஒரே இரைச்சல்.

வடக்கே மலைக்குள் பாலம் கட்டும் கம்பெனியில் அவனுக்கு வேலை. ஒரு மலையூரிலிருந்து இன்னொரு மலையூருக்கு மாற்றியிருந்தார்கள். ரோட்டில் போனால் ஒரு பகல் முழுக்க. விமானத்தில் அரை மணி நேரம். இங்கே ஆமத்தூரிலிருந்து பக்கத்திலுள்ள சாத்தூர் போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆகும். மத்தியானம் ஏறியவன். இப்போது பொழுது சாய்ந்துவிட்டது.

"இன்னுமா பறக்குது? என்னங்க சொல்றீக?"

"சன்னலுக்கு வெளிய வெறும் வெள்ளையா இருக்கு. பக்கத்துல யாரும் பேச மாட்டேங்குறாக."

இணைப்பு அறுந்தது. விமானம் போகும் தடத்தைக் காட்டும் பக்கத்தை அவனே அவள் போனில் வைத்துக் கொடுத்திருந்தான். அதில் அந்த விமானம் மத்தியானமே இறங்கியிருந்தது.

அவள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். யாரிடம் போய்ச் சொல்வது? பக்கத்து வீட்டார் இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டாசு ஆலை வேன்களும் ஓடவில்லை. காய்ந்த கருவேலங்காட்டிலிருந்து வந்த காற்றில் லேசான வெடிமருந்து வாடை இருந்தது, அதோடு அவன் குரலுக்குப் பின்னால் கேட்ட அதே இரைச்சல் வீட்டுக்குள்ளும் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. ஃபேனை நிறுத்திப் பார்த்தாள். இரைச்சல் நிற்கவில்லை.

மறுபடியும் போன் அடித்தது.

"நடுவுல ஒருக்க இறங்குச்சு புள்ள. ஒன்னட்ட சொல்லப் பயந்துக்கிட்டு இருந்தேன். எல்லாரும் எந்திரிச்சாக. என்னால முடியலை. என் சீட்டுலருந்தே ஒருத்தன் எந்திரிச்சான். என் சட்டை. என் பையை எடுத்துக்கிட்டு இறங்கிப் போய்ட்டான். வண்டி திரும்ப மேல ஏறிருச்சு."

"என்னங்க, எனக்குப் பயமா இருக்கு."

"அவன் ஒனக்குப் பேசுவான்."

குரல் போய்விட்டது. இரைச்சல் மட்டும் இருந்தது.

பெயரில்லாத எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. எடுத்துவிட்டாள். அவன் பத்திரமாக இறங்கியிருக்க வேண்டும், வேறெதுவும் அவளுக்கு வேண்டாம்.

திரையில் முனியராஜ். அதே முகம், அதே தெத்துப்பல்.

"எறங்கிட்டேன் புள்ள. போனை விமானத்துலயே விட்டுட்டேன். இது கூட வேலை பாக்குறவரு போனு, இப்பத்தான் கெடச்சுச்சு."

அவள் அழுதேவிட்டாள். பாவி மனுஷா, கனவா எல்லாம் என்று தோன்றியது. இரைச்சல்கூட நின்றுவிட்டது.

"அழுவாத. லீவு குடுத்துட்டாக. நாளைக்கே வீட்டுக்கு வாரேன்."

கையை ஆட்டினான். வலது கை.

ஆலைத் தீ அந்தக் கையில் ரெண்டு விரலைத் தின்ற பிறகுதான் பட்டாசே வேண்டாமென்று அவன் வடக்கே போனான். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

ஐந்து விரல்.

திரையின் மேலே இன்னொரு அழைப்பு. முனியராஜின் எண்.

"எடுக்காத" என்றான் திரையில் இருந்தவன், சிரித்தபடியே.

அவள் விரல் அசையவில்லை. அடித்தது. அடித்து ஓய்ந்தது.

திரையில் அந்தக் கை மெல்ல நெருங்கி வந்தது. ஐந்து விரலும் விரிந்து அவள் முகத்துக்கு நேரே நின்றன.