சிபியுவுக்கு ஒரு தோல் உறை

ஆறாம் வகுப்புக் கம்ப்யூட்டர் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். பாதி வரி அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போகும். அப்புறம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி தானாகவே மறுபடி விழித்துக்கொள்ளும். அதுவரை அடித்ததெல்லாம் போயே போச்சு.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் பல வருஷம் உழைத்துக் களைத்த கிழட்டுக் கம்ப்யூட்டர் அது. ஆபீசுக்குப் புதுசு வந்ததும் பழசைப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பழசோ புதுசோ, ஆறாம் வகுப்புக்கு அதுதான் செல்லம்.

அந்தச் செல்லத்துக்குத் தூசு படக்கூடாது என்று புஷ்ராவின் அப்பா ஷபீ அஹமது ஓர் உறை தைத்துக் கொடுத்தார். அவர் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்பவர். மிஞ்சிய தோல் துண்டுகளை வாங்கிவந்து, லீவு நாட்களில் உட்கார்ந்து தைத்தார். பழுப்புத் தோல், ஓரமெல்லாம் சிவப்பு நூல். முன்பக்கம் சுவிட்சுக்கு மட்டும் ஒரு குட்டி மூடி. நல்ல ஷூ காலைப் பிடிப்பதுபோல் அது சிபியு பெட்டியைக் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது.

"எறும்புகூட உள்ள போவாது, மிஸ்," என்றார் அப்பா.

சங்கீதா மிஸ் மற்ற வகுப்புகளைக் கூப்பிட்டுக் காட்டினார். "இதை எப்பவும் கழட்டவே கூடாது, புஷ்ரா. உன் பொறுப்பு," என்றார். அன்று முழுக்க புஷ்ராவின் கால் தரையில் படவில்லை.

வெயில் காலம் தொடங்கியதும்தான் இந்த அணையும் வியாதி வந்தது.

வகுப்பில் வேகமாக டைப் அடிப்பவள் தேவகி. வேலூரில் நடக்கப்போகும் பள்ளிக் கண்காட்சிக்காகப் பாலாற்றைப் பற்றிப் படங்களும் குறிப்புகளும் தயார் செய்துகொண்டிருந்தாள். அங்கே மேடையேறி விளக்கப்போவதும் அவள்தான். அதனால் கம்ப்யூட்டர் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பவளும் அவளே. அது அணையும்போதெல்லாம் அவள் விரல்தான் கீபோர்டில் இருக்கும்.

"இன்னா, உன் கை பட்டாலே புட்டுக்குது?" என்றான் நவீத். "கரண்ட் கட் தேவகி!"

வகுப்பே சிரித்தது. புஷ்ராவும் சிரித்தாள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ரிப்பேர் பார்க்கும் அண்ணன் ஒருவர் வந்தார். உறையைக் கழற்றிவிட்டு நெடுநேரம் ஓடவிட்டுப் பார்த்தார். கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது. "மெஷின்ல ஒண்ணும் இல்ல மேடம். பசங்க எதையாவது நோண்டியிருப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். புஷ்ரா உறையைப் பத்திரமாக மாட்டினாள். மறுநாள் தேவகி உட்கார்ந்தாள், அது அணைந்தது.

சங்கீதா மிஸ்ஸுக்குப் பொறுமை போய்விட்டது. "போதும் தேவகி, நீ இனிமே அதைத் தொட வேணாம். வேலூருக்கு நவீத் போகட்டும்."

தேவகி எழுந்து கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அழவில்லை. அதற்கப்புறம் யாரோடும் பேசவும் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் நவீத் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, வேலூரில் சொல்லவேண்டியதைத் தனியாகப் பேசிப் பழகிக்கொண்டிருந்தான். புஷ்ரா உள்ளே நுழைந்த நேரம், திரை கறுத்தது. நவீத் திருதிருவென்று விழித்தான்.

"யார்கிட்டயும் சொல்லாத, புஷ்ரா. எனக்கும் பேர் வெச்சுடுவாங்க."

அவன் ஓடிவிட்டான். அப்படியென்றால் தேவகியின் கையில் கோளாறு இல்லை! யோசித்துக்கொண்டே புஷ்ரா உறையை இழுத்துச் சரிசெய்தாள். விரல் உள்ளே போனதும் வெடுக்கென்று கையை எடுத்தாள். பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்தது.

உறையைக் கழற்றினாள். பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகச் சூடான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, பாவம். காற்று போக வழியே இல்லாமல் இத்தனை நாள் சுற்றியிருக்கிறது. உறை இல்லாமல் மணி அடிக்கும்வரை கம்ப்யூட்டர் அணையவில்லை. மறுநாள் மத்தியானம் உறையை மாட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அணைந்தது. அணையக் கூடாதே என்று அவள் வேண்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அணைந்தது.

சாயங்காலம் அப்பா டீ குடிக்கும்போது சொன்னாள். முதலில் அவர் சிரித்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார். முகம் சின்னதாகிவிட்டது.

"இடைவெளி விடாம தைச்சாதான் நல்ல ஷூ. அதே நெனப்புல தைச்சுட்டேன். மெஷினுக்குக் காத்து வேணும்னு தோணவே இல்லியே."

"எனக்கும் தெரியாது, அப்பா."

"கம்பெனியில எல்லார்கிட்டயும் போட்டோ காட்டினேன், புஷ்ரா பேட்டா. சூப்பர்வைசர்கிட்டகூட. நீ ஒண்ணு செய். தையல் விட்டுப்போச்சுன்னு சொல்லி உறையை எடுத்துட்டு வந்துடு. காரணத்தைச் சொல்லாத."

"அப்போ தேவகி? எல்லாரும் அவளைத்தான் சொல்றாங்க."

"சின்னப் பசங்கதானே. தானா மறந்துடுவாங்க."

மறக்கமாட்டார்கள் என்று புஷ்ராவுக்குத் தெரியும். அவளும் சின்னப் பிள்ளைதானே. அப்பாவுக்காகவும் மனசு வலித்தது, தேவகிக்காகவும் வலித்தது. இரண்டு பேரையும் காப்பாற்ற வழி ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் முதல் பீரியடிலேயே எழுந்து நின்றாள்.

"மிஸ், கம்ப்யூட்டர் தேவகியால அணையல. எங்க அப்பா தைச்ச உறையாலதான். அது காத்தை அடைச்சுடுது. பெட்டி சூடாகி அணைஞ்சுடுது."

"ஷூ தைக்கிறவர்கிட்ட கம்ப்யூட்டரைக் கொடுத்தா இப்படித்தான்!" என்று யாரோ சொன்னார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று புஷ்ராவுக்கு இப்போதுதான் தெரிந்தது. காது இரண்டும் எரிந்தன.

"நவீத், உன் கையிலயும் அணைஞ்சுதா இல்லியா?" என்று கேட்டாள்.

நவீத் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு, "அணைஞ்சுது," என்றான். சிரிப்பு நின்றது.

சங்கீதா மிஸ் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "கழட்டவே கூடாதுன்னு சொன்னது நான்தான்," என்றார் மெதுவாக. "தப்பு என்னுதும்தான். தேவகி, என்னை மன்னிச்சுடும்மா."

தேவகி எழுந்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் அவள் கண்ணில் வெளிச்சம் வந்தது. "அப்போ வேலூருக்கு நான் போலாமா, மிஸ்?"

"பேரு அனுப்பியாச்சும்மா. காலையிலதான் வேற வகுப்புப் பிள்ளை ஒருத்தரோட பேரை மாத்தித் தரச்சொல்லி போன் போட்டேன். இனிமே யார் பேரையும் மாத்த முடியாதுன்னுட்டாங்க."

தேவகி தலையை மட்டும் ஆட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

மத்தியானம் புஷ்ரா அவளிடம் போனாள். உறை அவள் பைக்குள் மடங்கிக் கிடந்தது. சாயங்காலம் அப்பா கேட்பார். உள்ளதைத்தான் சொல்லவேண்டும். அவர் என்ன சொல்வாரோ, ஒருவேளை ஒன்றுமே சொல்லாமல் இருப்பாரோ.

"சாரி, தேவகி."

"அந்தப் பேரு வெச்சப்போ நீயும் சிரிச்ச."

"ஆமா."

"தோஸ்த்துன்னு நெனச்சேன் உன்னை."

தேவகி அவளைத் தாண்டி நேராகக் கம்ப்யூட்டரிடம் போய் உட்கார்ந்தாள்.

"நீதான் போகலியே, அப்புறம் எதுக்கு?" என்று கேட்டாள் புஷ்ரா.

"பாலாறு ஏலகிரியில பொறக்குதுன்னு எழுதி வெச்சிருக்கான் நவீத். இது நான் செஞ்சது. தப்போட வேலூருக்குப் போவக்கூடாது."

அவள் அடிக்கத் தொடங்கினாள். நவீத் வாசலில் வந்து நின்றான். இன்னும் சிலரும் வந்து நின்றார்கள். திரை எப்போது கறுக்கும் என்று பழக்கத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கறுக்கவே இல்லை. தேவகி ஒவ்வொரு பக்கமாகத் திருத்தினாள், கடைசிவரை. யாரும் கைதட்டவில்லை, அவளும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி அடித்தது. தேவகி எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, கம்ப்யூட்டரைத் தன் கையாலேயே அணைத்தாள்.