எருச் சாக்கு

குளவி கொட்டிய இடம் வலிக்கவில்லை. உபதேசியார் சவுரியப்பனுக்கு முதலில் உறுத்தியது அதுதான். ஊரே பொம்மிடி சந்தைக்குப் போயிருந்த மதியத்தில், பக்கத்து வீட்டு லூர்தம்மாளின் குப்பைக்குழியிலிருந்து தன் கடலைக்காட்டுக்கு எருவை அள்ளிச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தபோது கணுக்காலில் கொட்டியது. எண்பத்து மூன்றின் வறட்சியில் யாரிடமும் எரு இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். கோயிலில் ஜெபம் சொல்லும் வாயால் கேட்கக் கூசியது.

இப்போது பொழுது சாய்கிறது. சாக்கோடு வீடு வந்து சேர்ந்தவர் கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறார். இடுப்புக்குக் கீழே கால்கள் இருப்பதே தெரியவில்லை. மூலையில், புளித்த சாண வாடையோடு அந்தச் சாக்கு. அதற்குள் ஏதோ சரசரத்தது.

அந்தக் குளவியைப் பற்றி ஊருக்கே விளக்கியவர் அவர். எருவுக்குள் வண்டுப்புழு கிடக்கும் இடத்தை மோப்பம் பிடித்துத் தோண்டி இறங்கும். புழுவைக் கொல்லாது; கொன்றால் அழுகிவிடும். கொட்டி மரத்துப்போகச் செய்து, அதன் வயிற்றில் ஒரு முட்டையை ஒட்டிவிடும். பொரிந்த குஞ்சு மெல்ல மெல்லத் தின்னும். உயிர் நிற்கும் இடத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். முன்பொரு நாள் குழி ஓரமாக நின்று அவர் இதைச் சொன்னபோது லூர்தம்மாள் முகம் சுளித்தாள்.

"உசுரோடவா? வலிக்காதுங்களா, பாவம்?"

"வலிக்காதும்மா. அசையத்தான் முடியாது" என்று சிரித்தார்.

இப்போது வாசலில் செருப்புச் சத்தம். லூர்தம்மாள்தான்.

"உபதேசியாரே, வூட்ல இருக்கீங்களா? நான் கூடை கூடையாச் சேத்து வச்ச எருவ எவனோ வாரிக்கினு போயிட்டானுங்க. புழுத்துத்தான் சாவான் அவன். ஞாயித்துக்கெழம பூசையில நீங்களே எந்திரிச்சுக் கேளுங்க!"

அவருக்குக் குரல் இன்னும் இருந்தது. ஒரு வார்த்தை போதும். உள்ளே ஓடி வருவாள், ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்லுவாள். மூலையையும் பார்ப்பாள்.

கண்ணை மூடிக்கொண்டார். தூங்குவதுபோல.

"அடடா, அசந்து தூங்கறாரு மனுசன்." வாசல்படியிலிருந்தே எட்டிப் பார்த்தவள், சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகுதான் பயம் வெட்கத்தை மீறியது. கண்ணைத் திறந்து, அவள் பெயரைக் கூப்பிடப் பார்த்தார். உதடு அசையவில்லை. நாக்கு யாருடையதோபோல் கிடந்தது.

சாக்கின் வாய் விரிந்தது. கருப்பாக ஒன்று. சிறகை உதறியது. பறக்கவில்லை. நடந்து வந்தது. கட்டில் கால். கயிறு. வேட்டி மடிப்பு.

மேல்வயிற்றில் சில்லென்று எதையோ ஒட்டியது.

வலிக்கவில்லை.

கதவிடுக்கு வெளிச்சத்தில் அது தெரிந்தது. வெள்ளையாக, ஒரு அரிசி மணிபோல. அதற்குள் ஏதோ புரண்டது.