பாட்டு ஓடுகிற வரைக்கும்

தங்கச்சிமடத்தில் அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, வண்டியிலிருந்து முதலில் இறங்கியது பாயும் இல்லை, பால் காய்ச்சுகிற பாத்திரமும் இல்லை. ஷெரினின் பாட்டுப் பெட்டிதான். கல்யாணத்துக்குப் பென்னி வாங்கிக் கொடுத்த ஸ்பீக்கர் அது. மெமரி கார்டு சொருகி, சார்ஜ் ஏற்றிவிட்டால் நாள் முழுக்கப் பாடும். கைப்பிள்ளையைத் தூக்குவது மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

சாவியை நீட்டிய வீட்டுக்காரர் அருளானந்தம் அதைப் பார்த்ததும் கையைப் பாதியிலேயே நிறுத்தினார்.

"பாட்டெல்லாம் கேப்பியளோ?"

"பாட்டு இல்லன்னா இவளுக்குச் சோறு எறங்காது மாமா," என்றான் பென்னி.

அருளானந்தம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சாவியைப் பென்னியின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பென்னி சொன்னதில் பொய் இல்லை. காரங்காட்டில் ஷெரின் பிறந்த வீட்டில் எல்லோருமே அந்த ரகம்தான். மாதா பாட்டு ஓடினால்தான் அம்மாவுக்குத் துணி மடிக்கக் கை வரும். அய்யா பழைய பாட்டு கேட்டுக்கொண்டே முகம் மழிக்க உட்கார்ந்து, லயித்துப்போய், மீசையில் ஒரு பக்கத்தைக் கூடுதலாக எடுத்துவிட்டு வாரக்கணக்கில் வெளியே தலைகாட்டாமல் இருப்பார். ஷெரினோ மீன் ஆய ஒரு பாட்டு, வீடு கூட்ட ஒரு பாட்டு என்று பிரித்தே வைத்திருந்தாள். பென்னி மட்டும் வேறு மாதிரி. பாட்டு ஓடினால் பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவள் முதுகில் தாளம் போடுவான். அவன் செய்கிற வேலை அவ்வளவுதான்.

வீடு பழசு. சுவர்கள் தடிமன். முன்வாசலுக்குத் தேக்குக் கதவு, அதற்கு இரும்பில் ஒரு உள்தாழ். தெருப்பக்கம் கம்பி போட்ட ஒரே ஜன்னல். பின்வாசலை எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். உள்ளறையில் கிழிந்த வலை ஒன்று குவியலாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி. அந்த அறையில் எந்நேரமும் ஈரக் கயிற்று வாடை அடித்தது.

முதல் சில வாரம் எல்லாம் நன்றாகவே போனது. சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே நன்றாகப் போனது. பாட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் மீன் ஆய்ந்து முடிந்திருக்கும், செதில் ஒன்று தரையில் கிடக்காது. கை பழகிவிட்டது என்று ஷெரின் தன்னையே மெச்சிக்கொண்டாள்.

பென்னி கடலுக்குப் போயிருந்த ஒரு பகலில், பாட்டு முடிந்து அவள் நிமிர்ந்தபோது அடுப்பில் ஒரு பானைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் கழுவித் துடைத்த தட்டும் செம்பும் எடுத்து வைத்திருந்தன. குளிக்கிற இடத்துக் கொடியில் ஒரு பச்சைக் கைலி தொங்கியது. பென்னி மறுநாள் விடிந்துதான் வருவான். இதையெல்லாம் யாருக்காக எடுத்து வைத்தாள்? ஞாபக மறதி என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

அது பென்னியின் கைலி இல்லை.

தகரப் பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. ஷெரின் கைலியை மடித்து உள்ளே போட்டு மூடினாள். பென்னியிடம் சொன்னாள். "பாட்டு மயக்கத்துல இன்னும் எதையெல்லாம் எடுத்து வப்பியோ," என்று அவன் கேலி செய்தான். அவளுக்கும் அது கேலியாகவே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசிய ஒரு காலையில் பென்னி மறுபடியும் விசைப்படகு ஏறினான். "விடிய வந்துருவேன். பயமா இருந்தா பாட்டப் போடு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் போட்டாள். சார்ஜர் வயரைக் கழற்றி, ஸ்பீக்கரைக் கூடத்து அலமாரியில் வைத்தாள். வீடு கூட்டினாள். தண்ணீர் சுட வைத்தாள். தட்டு எடுத்து வைத்தாள். கைலியைக் கொடியில் போட்டாள். இத்தனையும் செய்வது தெரிந்தே செய்தாள். வேண்டாம் என்று நினைத்தாலும் கைகள் கேட்கவில்லை. அப்புறம் கால்கள் உள்ளறைக்குப் போயின. வலையை இழுத்துக்கொண்டு வந்து ஜன்னலடியில் உட்கார்ந்தாள். அவள் கையில் ஒரு வலை ஊசி இருந்தது.

ஷெரின் பிறந்ததிலிருந்து வலை ஊசியைத் தொட்டதே இல்லை. காரங்காட்டில் அவள் சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் கிழித்தவள்.

ஊசி நுழைந்தது. நூல் சுற்றியது. முடிச்சு விழுந்தது.

கோயிலில் துக்க மணி அடித்தது. தெருவில் ஒரு பெரியவர் காலமாகிவிட்டார். அந்தத் தெருவில் ஒரு சாவு என்றால், அடக்கம் முடிகிற வரை எந்த வீட்டிலும் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. எதிர்வீட்டு ரெஜினா ஜன்னலுக்கு வந்து கம்பியைத் தட்டினாள்.

"ஏத்தா ஷெரினு, மணி கேக்கலையா? பாட்ட அமத்து."

"முடியலக்கா."

"என்ன முடியல?"

"கை நிக்க மாட்டேங்குது."

ரெஜினா குனிந்து பார்த்தாள். வலையில் விழுந்த முடிச்சைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப் போனது.

"இது ஜோதிமேரி போடுற முடிச்சுல்ல?" என்றாள். குரல் கிசுகிசுப்பாக இறங்கிவிட்டது.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே அவள் சொன்னாள். ஜோதிமேரி, அருளானந்தத்தின் தம்பி பிரடெரிக்கின் மனைவி. இந்த வீட்டில்தான் இருந்தார்கள். பிரடெரிக் கடலுக்குப் போனால் திரும்பி வருகிற வரை ஜோதிமேரி ரேடியோவை அமர்த்த மாட்டாள். பாட்டுக் கேட்டபடியே அவனுக்குத் தண்ணீர் சுட வைப்பாள், கைலி எடுத்துப் போடுவாள், தட்டு வைப்பாள், வலை பின்னுவாள். ஒரு தடவை அவன் வரவில்லை. ஒரு மாதம் தேடியும் ஆளோ படகோ கிடைக்கவில்லை. ரேடியோ மட்டும் நிற்காமல் பாடிக்கொண்டே இருந்தது.

"துக்க வீட்டுல பாட்டு என்ன பாட்டுன்னு சொந்தக்காரக சத்தம் போட்டாக. அவ கேக்கல. பாட்டு ஓடுற வரைக்கும் அவுக வந்துக்கிட்டுத்தான் இருக்காக, அமத்துனா செத்துட்டாகன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்னா. ஒடம்பு இல்லாமயே பூசை வைக்கணும்னு, அருளானந்தம் மாமாதான் வெளியில கரண்டு பீஸைப் புடுங்கி ரேடியோவ நிறுத்துனாக."

"பெறகு?"

"அன்னைக்குப் பொழுது சாயப் பிரடெரிக்கு ஒடம்பு கரையில ஒதுங்குச்சு." ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். "ஒரு மாசம் ஊறுன ஒடம்பு இல்லத்தா. அப்பத்தான் செத்த ஒடம்பு. கையில சூடு இருந்துச்சு. ஜோதிமேரி மறுநா விடியிறதப் பாக்கல. இந்த ஜன்னலுக்கு அடியிலதான் கெடந்தா, கையில ஊசியோட."

ஷெரின் இப்போது உட்கார்ந்திருந்ததும் அதே ஜன்னலடிதான்.

ரெஜினா ஓடிப்போய்க் கதவைத் தள்ளினாள். உள்தாழ் விழுந்திருந்தது. ஷெரின் அதைப் போடவில்லை. "மாமாவக் கூட்டிட்டு வாரேன்," என்று ரெஜினா தெருவில் ஓடுகிற சத்தம் கேட்டது.

பாட்டு ஓடியது. கை பின்னியது. எழுந்துவிட வேண்டும் என்று ஷெரின் பல்லைக் கடித்து முயன்றாள். தோளுக்குக் கீழே இருந்த எதுவும் அவளுடையதாக இல்லை. காற்று கூரை ஓடுகளை உலுக்கியது. ஈரக் கயிற்று வாடை உள்ளறையிலிருந்து கூடத்துக்கு வந்துவிட்டது. அவள் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடக் கை வரவில்லை.

அருளானந்தம் வந்தார். நேராக மீட்டர் பெட்டிக்குப் போய் பீஸைப் பிடுங்கினார்.

மின்விசிறி நின்றது. பாட்டு நிற்கவில்லை.

"பேட்டரி மாமா," என்றாள் ஷெரின். "தயவுசெஞ்சு பீஸப் போடுங்க. பாட்டு நிக்கக் கூடாது. அவுக கடல்ல இருக்காக."

அருளானந்தம் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"பென்னி போன போட்டு வயர்லெஸ்ஸுல வரலயாம்மா. மத்த போட்டெல்லாம் காத்துக்குப் பயந்து கரைக்கு வந்துருச்சு." அவர் நெற்றியைக் கம்பியில் சாய்த்தார். "ஜோதியும் அன்னைக்கு இதையேதான் கேட்டா. பீஸப் போடுங்க மச்சான், அவுக வந்துக்கிட்டு இருக்காகன்னு கெஞ்சுனா. நான் கேக்கல."

அவர் பீஸை மறுபடி சொருகினார். மின்விசிறி சுற்றியது. ஆனால் சார்ஜர் வயர் தரையில் கிடந்தது, ஸ்பீக்கர் அலமாரியில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு கை வேண்டும். ஷெரினின் இரண்டு கையும் வலையில் இருந்தன. அருளானந்தம் கதவைத் தோளால் இடித்தார். பிறகு எதிர்வீட்டு ஆட்களோடு கடப்பாரை வைத்து நெம்பினார். கடப்பாரை வளைந்தது. கதவு அசையவில்லை.

ஸ்பீக்கரில் சிவப்பு விளக்கு மின்ன ஆரம்பித்தது.

மின்னியது.

மின்னியது.

பொழுது சாயும் நேரத்தில், ஒரு பாட்டின் நடுவில், பெட்டி அணைந்தது.

இத்தனை அமைதியை ஷெரின் அதற்கு முன் கேட்டதில்லை. காற்றுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டது. அமைதிக்குள்ளும் அவள் கைகள் பின்னிக்கொண்டே இருந்தன. கரையில் ஒதுங்கிய உடம்பும், இன்னும் ஆறாத கையும் அவள் கண்முன் வந்தன. அந்தக் கை பென்னியின் கை. அவள் முதுகில் தாளம் போடுகிற கை.

கைதானே தன்னுடையது இல்லை? வாய் இன்னும் இருக்கிறதே.

பெட்டி விட்ட இடத்திலிருந்து ஷெரின் பாட ஆரம்பித்தாள்.

நல்ல குரல் ஒன்றும் இல்லை அவளுக்கு. சுதி தப்பியது, வரி மறந்தது. மறந்த இடத்தில் வேறு பாட்டைச் சேர்த்தாள். மாதா பாட்டு, சினிமாப் பாட்டு, பள்ளிக்கூடத்துப் பாட்டு என்று வாயில் வந்ததையெல்லாம் போட்டு நிரப்பினாள். தொண்டை கிழிந்து, பாட்டு வெறும் முனகலாகித் தேய்ந்தது. வெளியே அருளானந்தம் ஜெபமாலையோடு வாசற்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இடையில் எப்போதோ, அவள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடங்களில் இன்னொரு குரல் மெல்லக் கை கொடுப்பது போல ஷெரினுக்குத் தோன்றியது. யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அது அவளுக்கு உதவியாகத்தான் இருந்தது.

கிழக்கு வெளுத்தபோது தெருவில் காலடி கேட்டது.

"ஷெரினு."

வலை ஊசி கீழே விழுந்தது. அவள் கைகள் தாமாகவே எழுந்து போய் உள்தாழை விலக்கின. பென்னி நின்றான். தலையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. உயிரோடு இருந்தான். அவள் பாட்டை முனகிக்கொண்டே அவனை உள்ளே இழுத்து, மார்பில் விழுந்து அழுதாள். பின்னால் அருளானந்தம் "ஆண்டவரே, ஆண்டவரே" என்று படியிலேயே முழங்காலிட்டார்.

"எஞ்சின் நின்னுருச்சு புள்ள. தெச தெரியல," என்றான் பென்னி. "ஒரு பொம்பளக் கொரலு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அதப் புடிச்சுத்தான் வந்தோம். நீதான்னு நெனச்சேன்." அவள் தொண்டையில் கை வைத்தான். கை குளிர்ந்திருந்தது, ஆனால் அவனுடைய கை. "போதும். நான் வந்துட்டேன்ல. நிறுத்து."

ஷெரின் வாயை மூடினாள்.

பாட்டு நிற்கவில்லை.

அவள் விட்ட வரிக்கு அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு, உள்ளறையிலிருந்து ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். சுதி தப்பவில்லை, வரி மறக்கவில்லை. பாட்டை முழுதாகப் பாடி முடித்துவிட்டு அந்தக் குரல் ஓய்ந்தது.

கூடத்தில் தட்டு தரையோடு உரசி நகர்ந்தது.

அருளானந்தம் எழுந்து ஓடி வருவதற்குள் தேக்குக் கதவு சாத்திக்கொண்டது. உள்தாழ் விழுந்தது.

"வாங்க, போயிரலாம்," என்று ஷெரின் பென்னியின் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அந்தக் கையை மெதுவாக விலக்கினான். முன்பின் தெரியாத யாரோ தொட்டுவிட்டது போல அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு குளிக்கிற இடத்துக்கு நடந்து, கொடியிலிருந்து பச்சைக் கைலியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"இந்தா வாரேன் ஜோதி," என்றான், உள்ளறையைப் பார்த்து.