கண்காணிப்பாளர் (பொறுப்பு)

வியாழக்கிழமை, காலை 11.20. தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு தனியார் சரக்குக் கிடங்கு. அங்கே பதினான்காம் எண் கன்டெய்னருக்குள் ரெக்ஸ் குப்புறக் கிடந்தார். திரேஸ்புரத்துக்காரர், வயது நாற்பத்து நான்கு. பதினோரு வருடமாக அங்கே சுமை இறக்கும் வேலை.

உள்ளே வெளிநாட்டு மரக்கட்டைகள். பூச்சி சாக நச்சுப்புகை மருந்து அடித்திருந்தார்கள். மறுநாள் காலை வரை திறக்கக் கூடாது என்று கதவில் மண்டையோடு போட்ட சிவப்பு அட்டை தொங்கியது. சீல் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய கட்டர் ரெக்ஸின் காலடியில் கிடந்தது.

11.50. சப்-இன்ஸ்பெக்டர் செண்பகம் வந்தார்.

"திறக்கச் சொன்னது யாரு?"

மேனேஜர் கிருபாகரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "யாரும் சொல்லலை மேடம். ரெக்ஸ்தான் இங்க இன்சார்ஜ். அவரா முடிவெடுத்திருக்காரு."

"அவர் போனைப் பாத்தேன். 10.52க்கு உங்க போன்லேருந்து கால் வந்திருக்கு."

"லாரி வந்தாச்சான்னு கேட்டேன். அவ்வளவுதான்."

கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். திங்கட்கிழமைத் தேதி. 'திரு. ரெக்ஸ் இன்று முதல் கண்காணிப்பாளர் (பொறுப்பு) ஆக நியமிக்கப்படுகிறார். கன்டெய்னர்களைத் திறப்பது, மூடுவது குறித்த முழுப் பொறுப்பும் அவரையே சாரும்.' கீழே ரெக்ஸின் கையெழுத்து. மேலே தாராளமாக இருந்த வரிகள் கீழே வரவர நெருங்கி, கையெழுத்தின் தலையில் இடித்துக்கொண்டு நின்றன.

வாசலில் காவலாளி ரோச் வருகைப் பதிவேட்டைக் காட்டினார். அன்றைய பக்கத்தில், 10.05, வீரபாகு வெளியே.

"வீரபாகு யாரு?"

"சூப்பர்வைசர் அண்ணாச்சி. குலசேகரன்பட்டினத்துல அவுக அம்மா திடீர்னு தவறிட்டாகன்னு போன் வந்துச்சு. அழுதுக்கிட்டே போனாரு."

"திங்கள், செவ்வாய், புதன்?"

"மூணு நாளும் வேலைக்கு வந்தாரு. பாருங்க, எழுதியிருக்கேன்."

"ரெக்ஸ் இன்சார்ஜா?"

ரோச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எல்லாரும் அவன இன்சார்ஜ்னுதான் கூப்பிடுவோம். கேலிக்கு. டீ வாங்கியாரதுக்கு இன்சார்ஜ், கக்கூஸ் சாவிக்கு இன்சார்ஜ். எது கெட்டாலும் ஏச்சு வாங்குதது அவந்தான."

2.30. திரேஸ்புரம். ரெக்ஸ் வீட்டு முன்னால் பெஞ்சு போட்டிருந்தார்கள். உடல் இன்னும் மருத்துவமனையில் இருந்தது. மனைவி விக்டோரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"கம்பெனிக்காரங்க வந்தாங்க மேடம். அவரு அதிகாரி ஆயிட்டாராம். தப்பு அவரு பேர்லதானாம். எங்கிட்டச் சொல்லாமலா அதிகாரி ஆனாரு? கேக்காம ஒரு கதவத் தொறக்க மாட்டாரு. எங்க மாமியா வீட்டுக் கதவக்கூட."

4.15. செண்பகம் கிடங்கு அலுவலகத்துக்குத் திரும்பினார். கிருபாகரன் எழுந்து நின்றார். தட்டச்சு செய்யும் அனுசியா மட்டும் தலை நிமிரவில்லை.

"இந்த 'பொறுப்பு' அடைப்புக்குறிக்குள்ள எதுக்கு சார்?"

"இன்சார்ஜ்னு அர்த்தம் மேடம்."

"எங்க இன்ஸ்பெக்டர் லீவுல போனா நான் ஆய்வாளர் (பொறுப்பு). அவர் வந்து நாற்காலியில உக்காந்த நிமிஷம் நான் பழையபடி எஸ்.ஐ. நாற்காலி காலியானாத்தான் அந்த வார்த்தை வரும். திங்கட்கிழமை உங்க சூப்பர்வைசர் நாற்காலி காலியா?"

கிருபாகரன் மறுபடி கைக்குட்டையை எடுத்தார்.

"வீரபாகு புதன் வரைக்கும் வேலை பாத்திருக்கார். அவங்க அம்மா இன்னைக்குக் காலையிலதான் தவறியிருக்காங்க. வியாழக்கிழமை சாவு திங்கட்கிழமையே உங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த ஆர்டர் பத்து மணி அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால எழுதியிருக்க முடியாது. என் கணக்குப்படி, ரெக்ஸ் விழுந்த பிறகுதான் எழுதியிருக்கீங்க."

"கையெழுத்து அவரோடதுதான் மேடம்! யாரு வேணா பாக்கட்டும்!"

"அவரோடதுதான். ஆனா கையெழுத்து முதல்ல, எழுத்து பிறகு. மிச்சம் இருந்த இடத்துல அடக்கணும்னு வரிகளை நெருக்கியிருக்கீங்க."

அனுசியா எழுந்தாள். பீரோவைத் திறந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நாற்பதுக்கு மேல் வெற்றுத் தாள்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு கையெழுத்து.

"வேலைக்குச் சேரயில எல்லார்ட்டயும் வாங்குவாங்க மேடம். பதினொன்னரைக்கு நாந்தான் டைப் அடிச்சேன். அவரு அங்க கிடக்கயில அடிச்சேன்."

"சீலை வெட்டச் சொன்னது நீங்க," என்றார் செண்பகம், கிருபாகரனைப் பார்த்து. "செத்தவர் தலையில அதை எழுதுனதும் நீங்க."

கிருபாகரன் உட்கார்ந்தார். "நானும் இன்சார்ஜ்தான் மேடம்," என்றார். "மேலாளர் (பொறுப்பு). மேனேஜர் போஸ்ட் நாலு வருசமா காலி. முதலாளி போன்ல சொல்லுவாரு, பேப்பர்ல நான் கையெழுத்துப் போடணும். லாரி அரைமணியில கிளம்பணும்னாரு. மருந்து அடிச்சிருக்குன்னேன். நீதான இன்சார்ஜ், பாத்துக்கோன்னாரு."

"சொன்னதுக்கு எழுத்து ஏதாவது?"

"இல்ல."

செண்பகம் அந்தக் காகிதக் கட்டைப் புரட்டினார். கடைசித் தாளில் கிருபாகரனின் கையெழுத்து இருந்தது. அதன் மேலே ஒன்றும் எழுதப்படவில்லை.

முதலாளியின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அவருடைய வக்கீல் பேசினார். அன்றாட நிர்வாகத்துக்கும் முதலாளிக்கும் சம்பந்தமே இல்லை என்றார். குற்றப்பத்திரிகையில் இப்போதைக்கு ஒரு பெயர்தான் நிற்கும் என்று செண்பகத்துக்குத் தெரிந்தது. அந்த ஒரு பெயரைத்தான் ஜீப்பில் ஏற்றினார்.

6.40. மறுபடி திரேஸ்புரம். உடல் வந்திருந்தது. செண்பகம் செருப்பைக் கழற்றிவிட்டு விக்டோரியாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அவர் அதிகாரி இல்லம்மா. அந்தப் பேப்பர் பொய். அவரா திறக்கலை. திறக்கச் சொன்னாங்க, திறந்தார். கோர்ட்டுலயும் அதைத்தான் சொல்லுவேன்."

நல்ல செய்தி சொல்வதாகத்தான் அவர் நினைத்திருந்தார். விக்டோரியா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு வாசிப்பாரு மேடம். அட்டையில மண்டையோடு போட்டிருந்துச்சுன்னு சொன்னாங்களே. வாசிச்சிருப்பாருல்லா?"

செண்பகம் மெல்லத் தலையாட்டினார்.

"வாசிச்சிட்டு, சரி சார்னு சொல்லியிருப்பாரு." அவள் கணவனின் முகத்தைப் பார்த்தபடியே இருந்தாள். "தானா திறந்திருந்தாருன்னாக்கூட எனக்குத் தாங்கும் மேடம்."