பசை அடுக்கின் கட்டங்கள்

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, துர்கா பூஜையின் அஷ்டமி. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் ஒரு பொறியியல் நிறுவனத்தின் மூன்றாம் மாடியில், விடுமுறை நாளில் தனியே அமர்ந்திருந்த சுலோசனா, தான் பிளக்காத ஒரு கட்டம் இரண்டாகப் பிளந்திருப்பதைத் திரையில் கண்டாள்.

தடுப்பூசி காக்கும் குளிர்பெட்டியின் ஐந்தடுக்குச் சுவர் அது. அதனுள் வெப்பம் எவ்வாறு ஊடுருவும் என்று கணிக்க, சுவரைச் சிறு கட்டங்களாக வெட்டி மெஷ் அமைக்கவேண்டும். சுலோசனா பதினேழு ஆண்டு வழக்கப்படி சுவர் முழுவதையும் பொடியாக வெட்டினாள். கணக்கு முடிய இரண்டு நாள் பிடித்தது. மதுரையிலிருந்து வந்து எட்டு மாதமே ஆன மஹிமா, மயிரிழை கனமுள்ள பசை அடுக்கை மட்டும் நுணுக்கமாக வெட்டி, மற்றவற்றைப் பெரிதாக விட்டாள். நாற்பது நிமிடம், அதே விடை. "பொண்ணு கையில வித்தை இருக்கு" என்று மேலாளர் வெங்கடநாராயணன் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். பூஜை முடிந்ததும் இருவரில் ஒருவர் குழுத் தலைவி என்றும் அறிவித்தார். அன்று மூண்ட வயிற்றெரிச்சல் சுலோசனாவுக்கு அடங்கவேயில்லை.

ஆகவேதான் வந்தாள். மஹிமாவின் கோப்பைத் திறந்து, பசை அடுக்கின் நுண்கட்டங்களையெல்லாம் ஒன்றாக்கினாள். விடை தவறாகும்; பார்வைக்குச் சரியாகத் தோன்றும். மென்பொருள் தானாகவே கட்டங்களைப் பிளக்கும் வசதியையும் மறவாமல் அணைத்தாள்.

பூஜைப் பந்தலின் தாக் மேள முழக்கம் ஜன்னல் கண்ணாடியை அதிரச் செய்ய, சாம்பிராணிப் புகை கதவிடுக்கில் நூலாய்க் கசிய, அவள் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே இரண்டு நான்காகி, நான்கு பதினாறாகி, வெப்பமே இல்லாத அவ்விடத்தில் ஒரு நெற்றியின் வளைவு திரண்டது.

கைபேசி அதிர்ந்தது. மஹிமா.

"சுலோ தி, என் ஃபைலை யாரோ திறந்திருக்காங்கன்னு மெசேஜ் வருது. நீங்களா?" வங்காள வழக்கப்படி அக்காவுக்கு 'தி' என்பாள்.

"நான் எதுக்குடி தொடறேன்? லேக் மார்க்கெட்ல காய் வாங்கிண்டிருக்கேன்."

"அஷ்டமியன்னிக்கா? கூட்டத்துல நசுங்கிடாதீங்க." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

அதற்குள் மூக்கு உருவாகியிருந்தது. அது மஹிமாவின் முகமாக இருக்கட்டும் என்று சுலோசனா மனமார வேண்டினாள். அந்தக் கைவித்தைக்காரியே பசையில் புதையட்டும். அடுத்து, கன்னம். அதற்கடுத்து, மேலுதட்டின் இடப்புறம் ஒரு மச்சம்.

மச்சம் சுலோசனாவுடையது.

முகத்தின் வெப்பநிலை முப்பத்தேழு டிகிரி. கோப்பை மூடினாள். மூடவில்லை. முப்பது. விரல்கள் மரத்தன. மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை. இருபது. தாக் ஓசை விலகியது. நாவில் பசை. நான்கு.

பதினாறாம் தேதி, புதன்கிழமை, அலுவலகம் திறந்தது. சுலோசனா சொல்லாமல் ஊருக்குப் போயிருப்பாள் என்று யாரோ கூறியது, சுவர்த் தகட்டுக்கு அப்பாலிருந்து, பசைக்குள் இருந்த அவளுக்குக் கேட்டது. முடிவானவை: மஹிமாவே குழுத் தலைவி; அவளுடைய மெஷ்ஷே வாடிக்கையாளருக்குச் செல்லும்; பசை அடுக்கில் காரணமின்றித் திரண்ட கட்டங்கள் பிழையெனக் கருதி, ஒவ்வொன்றாகச் சேர்த்து அழிக்கப்படும்.

மஹிமா அன்றே தொடங்கினாள். முதலில் இமைகள் போயின. மூட வழியில்லாத விழிகளோடு சுலோசனா, மஹிமா தன் நாற்காலியில் அமர்ந்து அடுத்த பொத்தானை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.