கிணற்றடிக்குப் போன தடித்த வயர்

நல்லாய் ஓடிக்கொண்டிருந்த மோட்டரைக் கெடுத்தவன் நௌஃபர்தான். வீட்டிலிருந்து மிளகாய்த் தோட்டத்துக் கிணறு வரை நஜாத் இழுத்திருந்த தடித்த செப்பு வயரைக் கழற்றி, சுருட்டி, இரும்புக் கட்டிலுக்கடியில் எறிந்துவிட்டு, மெல்லிய புது வயரைப் போட்டான். ஏனென்று கேட்டவர்களிடம் 'அது பழசு' என்றான். உண்மை வேறு. நஜாத், நௌஃபரின் மனைவி அஸ்ரியாவின் முதல் புருஷன். அதே கிணற்றடியில் கரண்ட் அடித்து மௌத்தாகி மூன்று வருசம். செத்தவனோடு போட்டி போடுவது மடைத்தனம் என்று நௌஃபருக்கும் தெரியும். தெரிந்துதான் போட்டான், தோற்றுக்கொண்டும் இருந்தான்.

நாட்டுச் சண்டை முடிந்து, அகதியாய் வந்திருந்த சொந்தக்காரர்கள் மன்னாருக்குத் திரும்பியபோது அவன் மட்டும் இந்த மாம்புரியிலேயே நின்றுவிட்டது அவளுக்காகத்தான். "அவரா, நானா, ஆருல கூட விருப்பம்?" என்று சிரிப்பாகவும் கேட்டுப் பார்த்தான், கோபமாகவும் கேட்டுப் பார்த்தான்.

"சோறு ஆறுது" என்பாள் அவள்.

புது வயரில் மோட்டர் 'ம்ம்ம்' என்று முனகியதே தவிர சுற்றவில்லை. கற்பிட்டியிலிருந்து திருத்த வந்த றஊப் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான், மெல்லிசு வயர், நீட்டுத் தூரம். கரண்ட் ஊட்டால வெளிக்கிடக்குள்ள எருமை. கிணத்தடிக்கு வரக்குள்ள கோழிக்குஞ்சு. மிச்சத்த வயரே தின்னுடும். தொட்டுப் பாரு, சுடும்."

மோட்டருக்கு முதல் உந்தல் கொடுக்கும் கெப்பாசிட்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் ஸ்குரூ டிரைவரால் சேர்த்துத் தொட்டான். டப்பென்று நீலப் பொறி பறந்தது.

"உள்ளுக்குச் சேத்து வச்சிருந்த கரண்ட். இப்ப வெறும் டப்பா. திருப்பி ஆரும் ஊட்டினாத்தான் உண்டு."

றஊப் விட்டுப்போன அந்த வெறும் டப்பாவை நௌஃபர் அடுப்படி ஜன்னலில் வைத்தான். மூன்றாம் நாள் மத்தியானம், லுஹர் பாங்கு சொல்லும் நேரம், வெள்ளை மணல் வெயிலில் கண்ணைக் குத்த, கருகிய வார்னிஷும் ஈரப் பாசியும் கலந்த ஒரு வாடை கிணற்றுப் பக்கமிருந்து வந்து அடுப்படியில் தேங்கி நின்றபோது, சும்மா ஒரு விளையாட்டுக்கு, அதன் முனைகளை அவன் தொட்டுப் பார்த்தான்.

டப்.

மறுநாளும் அதே நேரம். டப். அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அடுத்த நாள் பொறி இன்னும் பெரிதாக இருந்தது.

"இதுக்கு ஆரு புள்ள கரண்ட் ஊட்டுற?"

"சோறு ஆறுது."

சோற்றை வைத்த அவளுடைய இரண்டு பெருவிரல் நுனிகளிலும் மிளகளவு கரும்புள்ளிகள். முகத்தில் ஒரு சிரிப்பு. அவனுக்காக அவள் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு.

அன்றிரவு அவனுக்குப் பயத்தைவிடப் பொறாமைதான் கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகிறவன் போல வெளிக்கிட்டு, பாதியில் திரும்பினான்.

அறைக் கதவு திறந்து கிடந்தது. அலுமாரியும், பூட்டில் இன்னொரு திறப்போடு. அஸ்ரியா தரையில் இருந்தாள். மடியில் கெப்பாசிட்டர். இரண்டு முனைகளிலும் இரண்டு பெருவிரல்கள். தோள்கள் ஒருதரம் தூக்கிப் போட்டன. சிரித்தாள். காத்திருந்தாள். மறுபடி தூக்கிப் போட்டது.

கட்டிலுக்கடியில் தடித்த வயர்ச் சுருள் இல்லை. அதன் ஒரு முனை கட்டில் காலில் சுற்றியிருந்தது. மறுமுனை வாசலைத் தாண்டி, மணலில் ஊர்ந்து, கிணற்றுக்குள் இறங்கியிருந்தது.

நௌஃபரின் தலையணையில் ஈரமாய் ஒரு தலைப் பள்ளம்.

பள்ளத்தைக் குனிந்து பார்க்க, இரும்புக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

ம்ம்ம். சட்டம் முனகியது.

"ஆரு... புள்ள?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நஜாத். உங்கட மெல்லிசு வயரால வந்து சேர அவருக்கு ஏலல்ல. வழியிலயே தேஞ்சு போனாரு. அதான் பழச நானே இழுத்துட்டன்." கொஞ்சம் யோசித்தாள். "கேட்டுக்கிட்டே இருந்தீங்களே, ஆருல விருப்பமெண்டு. அவருலதான். எப்பவும் அவருலதான்."

கையை எடுக்கப் பார்த்தான். விரல்கள் விரியவில்லை.

தலையணையில் இருந்த பள்ளம் மெல்ல நிமிர்ந்தது. யாரோ எழும்பினார்.