மகள் பேரில் ஒரு டூரிங் கார்

யாரும் ஏறாத வண்டி பின்பக்கம் தாழ்ந்திருந்தது. ஃபெலிக்ஸ் டேப் வைத்து அளந்தான். நேற்றைவிட இரண்டு விரல்கடை குறைவு. ஸ்பிரிங் பட்டையோ புதுசு, போன வாரம் அவனே மாட்டியது. முற்றம் சாய்வாக இருக்கும் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டு, வண்டியை நாலடி தள்ளி நிறுத்தி மறுபடி அளந்தான். அதே அளவு.

முத்தாபுதுப்பேட்டையில் இருபது வருஷம் அடுத்தவன் வண்டிக்கே பெயின்ட் அடித்தவனுக்கு, சொந்தமாக, கூரைத்துணியை மடக்கிவிடும் ஒரு 1934 மாடல் டூரிங் கார் வாய்த்தால் தலைகால் புரியுமா? நெமிலிச்சேரிக் கிழவர் கோவிந்தன் அதில் கோழி அடைத்து வைத்திருந்தார். “புள்ளைங்க கீறாங்களா?” என்று மட்டும் கேட்டார். ஒரே மகள், ஒன்பது வயசு என்றதும், பேரம்கூடப் பேசாமல் சாவியை நீட்டிவிட்டார். நல்ல மனுஷன் என்று ஃபெலிக்ஸ் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

ஆட்டோவோ லாரியோ, இந்தப் பக்கம் வண்டி வாங்கினால் பின்னால் பிள்ளை பேர் இல்லாமல் ஓடாது. அவனும் கார்டியனாகக் கையெழுத்திட்டு ஆர்.சி.யை மகள் பேரில் மாற்றி, அன்றைக்கே பின்பக்கத் தகரத்தில் மஞ்சள் எழுத்தில் ‘ஜெனிஷா’ என்று எழுதினான். பதினோரு மாசம் ராத்திரி பகல் பாராமல் உழைத்து மற்ற தகரத்தையெல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்தவன், அந்த ஒரு இடத்தில் கை வைக்க மனசில்லாமல் கடைசிக்கு விட்டிருந்தான்.

இன்றைக்கு மழை லீவு. மனைவி சாராள் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் போய்விட்டாள். மதியமே இருட்டிக்கொண்டு வர, புதுசாகப் போட்ட கான்வாஸ் ஹூட் ஒழுகுகிறதா என்று பார்க்கத்தான் வண்டியை ஷெட்டிலிருந்து முற்றத்துக்குத் தள்ளியிருந்தான். கான்வாஸில் மழை சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் படம் வரைந்தபடி ஜெனிஷா முனகிப் பாடுவது ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் உள்ளே இறங்குகிறதா என்று பக்கத் திரையை விலக்கிக் குனிந்தவனுக்கு, புது ரெக்சின் வாசனையை மீறிக்கொண்டு வேறொரு வாசனை மூக்கில் ஏறியது. ஈரத் தலைமுடி, தேங்காயெண்ணெய், பவுடர். ஸ்கூல் வேனில் அடிக்கும் வாசனை. உள்ளே யாருமில்லை. அவனுக்கு ஏனோ உடனே திரையை மூடிவிடத் தோன்றியது.

பின்னால் வந்து பார்த்தால், மகள் பேருக்குக் கீழே பெயின்ட் கொப்புளம் விட்டிருந்தது. காலையில் அது இல்லை. எமரி பேப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தான். கிரீம் நிறம் உரிந்து பச்சை வந்தது. பச்சையின் மேல் கோணல்மாணலாக ஒரு பேர்: ரேணுகா. தேய்த்தான். பச்சைக்கு அடியில் மெரூன், அதில் ஜெபா. மெரூனுக்கு அடியில் கறுப்பு, அதில் பழங்கால எழுத்தில் நாகம்மா.

ஆர்.சி. புத்தகத்தில் அவனுக்கு முன் மூன்றே முதலாளிகள். பேரும் மூன்று. கோவிந்தனுக்குப் போன் போட்டான்.

“ரேணுகா யாருங்க?”

“என் பொண்ணு. இப்ப இல்ல.” பிறகு கேட்டார்: “பேர எய்திட்டியா, நைனா?”

“அன்னிக்கே எழுதிட்டேன். இன்னா விஷயம், சொல்லுங்க!”

“எய்தாதன்னு சொல்ல வாய் வரிக்கும் வந்துச்சு. சொன்னா நீ எட்த்துகினு போவ மாட்ட. எங்கூட்ல இன்னொரு பையன் கீறான்பா, அவனயாச்சும் காப்பாத்தணுமே.”

“அழிச்சிட்றேன். இப்பவே அழிச்சிட்றேன்.”

“நானும் அழிச்சேன். மொத்த வண்டிக்கும் பெயின்ட் அட்ச்சேன். எனக்கு முன்ன வெச்சினு இருந்தவங்களும் அதான் பண்ணாங்க.” கிழவர் அழுதார்.

ஆக, கறுப்புக்கு மேல் ஏறிய எந்த நிறமும் அழகுக்கு அடித்ததில்லை. ஒவ்வொன்றும் ஒரு தகப்பன் பயந்து அடித்தது.

போனை வைத்தான். மழை கூடியிருந்தது. பாட்டு இன்னும் கேட்டது.

ஜன்னலிலிருந்து இல்லை.

“ஜெனிஷா!”

“இங்கதான்ப்பா கீறேன்.”

வண்டிக்குள்ளிருந்து.

“இறங்கு. இறங்கி வா, கண்ணு.”

“தள்ளி உக்காரச் சொல்லுப்பா. எடமே இல்ல.”

கதவை இழுத்தான். வரவில்லை. திரையைக் கிழித்தான். இருட்டு. கையை விட்டுத் துழாவினான். சில்லிட்ட காற்று மட்டும். ஹூட்டின் கம்பியைப் பிடித்து, உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் கூட்டி, பின்னால் தள்ளினான். கான்வாஸ் கிழிந்து மடங்கியது.

பின் சீட் காலி. யாருமே இல்லை.

மழை உள்ளே கொட்டியது.

கொட்டிய மழை சீட்டைத் தொடவில்லை. நடுவிலேயே எதன்மேலோ பட்டுச் சிதறியது. சின்னத் தலைகள். சின்னத் தோள்கள். கண்ணுக்குத் தெரியாத முகங்களில் தண்ணீர் வழிந்து, முகவாயில் சொட்டியது. மூன்று உருவங்கள் நெருக்கியடித்து நகர்ந்து உட்கார்ந்தன. ஓரத்தில், அவனுக்கு மிக அருகில், நாலாவதாக ஒன்று. தண்ணீர் அதன் தலையிலிருந்து இரண்டு பின்னலாகப் பிரிந்து இறங்கியது. இன்று காலை அவனே பின்னிவிட்டது, ஒன்று மேலே, ஒன்று கீழே, கோணலாக.

அது அவன் பக்கம் திரும்பியது.